சைன், காஸ், டேன்: முக்கோணத்தைத் திருப்பி வரைந்தால் ஏன் குழப்பம் வருகிறது?

மண்டபம் வாசகி

வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறாள். சைன் என்றால் எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம், காஸ் என்றால் அடுத்துள்ள பக்கம் வகுத்தல் கர்ணம், டேன் என்றால் எதிர்ப்பக்கம் வகுத்தல் அடுத்துள்ள பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். 30, 45, 60 பாகை அட்டவணையும் மனப்பாடம். ஆனால் கோணம் இடது கீழ் மூலையிலும் நிமிர்ந்த பக்கம் வலது புறத்திலும் இருந்தால்தான் கணக்குச் சரியாக வருகிறது. அதே முக்கோணத்தைச் சாய்த்து வரைந்தால், அல்லது கோணத்தை மேல் மூலையில் குறித்தால், எதிர்ப்பக்கம் எது என்று தடுமாறுகிறாள். நிமிர்ந்து நிற்பதுதான் எதிர்ப்பக்கம் என்பது மனத்தில் பதிந்துவிட்டது.

நேற்று அவள் கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. "சைன் 30 என்றால் அரை என்று போட்டிருக்கிறது. எதில் அரை?" இதற்கு அவளுக்குப் புரியும்படி யாராவது பதில் சொல்லுங்கள். மதிப்பெண் அடுத்த விஷயம்.

உச்சிப்புளி கணித ஆசிரியர்

சகோதரி, முதலில் பக்கங்களின் பெயரைச் சரிசெய்துகொள்வோம். எதிர்ப்பக்கம் என்பது முக்கோணத்துக்குச் சொந்தமான பெயர் அன்று, கோணத்துக்குச் சொந்தமானது. எந்தக் கோணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் எதிர்ப்பக்கம் எது என்று கேட்கவே முடியாது.

ஓர் அட்டையில் 6, 8, 10 சென்டிமீட்டர் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தை வெட்டச் சொல்லுங்கள். ஒரு குறுங்கோணத்தின் உச்சியில் விரலை வைக்கட்டும். விரல் தொடாத பக்கம் எதிர்ப்பக்கம். விரல் தொடும் இரண்டு பக்கங்களில் செங்கோணத்துக்கு நேர் எதிரே இருப்பது கர்ணம், மற்றது அடுத்துள்ள பக்கம். இப்போது விரலை எடுக்காமல் அட்டையைச் சுழற்றட்டும். தலைகீழாக வைத்தாலும் விரல் தொடாத பக்கம் அதேதான்.

அடுத்து விரலை மற்றக் குறுங்கோணத்துக்கு மாற்றட்டும். 6-உம் 8-உம் பெயரை மாற்றிக்கொள்ளும், 10 மட்டும் மாறாது. முதல் கோணத்துக்கு 6 ÷ 10 சைன், இரண்டாவது கோணத்துக்கு அதே 6 ÷ 10 காஸ். ஒரு கோணத்தின் சைனும் அதன் நிரப்புக் கோணத்தின் (இரண்டும் சேர்ந்தால் 90 பாகை) காஸும் சமம் என்ற விதி அவள் கையிலேயே கிடைத்துவிடும். சைன் 30-உம் காஸ் 60-உம் ஏன் ஒரே அரை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தொண்டி தனிப்பயிற்சியாளர்

ஆசிரியர் சொல்வது சரி. ஆனாலும் ஆண்டு முழுவதும் அட்டை வெட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் மாலையில் வலை பின்னவும் கருவாடு காயவைக்கவும் வீட்டில் உதவிவிட்டு இரவில் படிக்க வருகிறவர்கள். அவர்களுக்கு நான் அட்டவணையைத்தான் முதலில் கொடுக்கிறேன். 0, 1, 2, 3, 4 என்று எழுது, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடு, இரண்டால் வகு. 0, 30, 45, 60, 90 பாகைகளின் சைன் வந்துவிட்டது. வலமிருந்து இடமாகப் படித்தால் காஸ். சைனைக் காஸால் வகுத்தால் டேன். ஐந்து நிமிட வேலை. புரிதல் கணக்குப் போடப் போட வரும். தேர்வு அறையில் கையில் இருக்கப்போவது இந்த அட்டவணைதான்.

கீழக்கரை வாசகர்

தொண்டிக் காக்கா (அண்ணா), உங்கள் அட்டவணை நல்ல வழிதான், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்தப் பெண் கேட்டது "எதில் அரை" என்று. அதற்கு அட்டவணையில் பதில் இல்லை. அட்டவணை கையில் இருக்கும் பிள்ளைக்கு 35 பாகையைக் கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு கோணத்துக்குச் சைன் இருக்கிறதா என்றே சந்தேகப்படும்.

சகோதரி, மகளுக்கு அந்த 35 பாகையையே கொடுங்கள். கோணமானி, அளவுகோல், தாள் போதும். அடிப்பக்கம் 5 சென்டிமீட்டர், ஒரு முனையில் 35 பாகை, மறுமுனையில் செங்கோணம். நிமிரும் பக்கத்தை அளந்தால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் வரும். அடிப்பக்கத்தை 10 ஆக்கினால் 7. 15 ஆக்கினால் பத்தரை. மூன்றிலும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றிலும் 0.7.

இந்த 0.7-ஐத்தான் டேன் 35 என்கிறோம். முக்கோணம் பெரிதானாலும் சிறிதானாலும் அந்த எண் நகரவில்லை. ஏனென்றால் ஒரு குறுங்கோணமும் செங்கோணமும் சமமாக இருந்தால் மூன்றாவது கோணமும் சமம். மூன்று கோணங்களும் சமமானால் அவை வடிவொத்த முக்கோணங்கள். வடிவொத்த முக்கோணங்களில் பக்கங்களின் விகிதம் மாறாது. இதை வடிவியல் பாடத்தில் தனியாகப் படிக்கிறார்கள், முக்கோணவியலைத் தனியாகப் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே பாடம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. வடிவொப்புமை விளங்காத பிள்ளைக்குச் சைன் என்பது கால்குலேட்டரில் ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

"எதில் அரை" என்ற கேள்விக்கு விடை: கர்ணத்தில் அரை. 30 பாகைக் கோணம் உள்ள எந்தச் செங்கோண முக்கோணத்திலும் எதிர்ப்பக்கம் கர்ணத்தில் பாதி. கர்ணம் 10 சென்டிமீட்டர் என்றால் 5, கர்ணம் 10 கிலோமீட்டர் என்றால் 5.

இதைக் கி.பி. 499-இலேயே ஆரியபட்டர் எண்ணாகச் சொல்லியிருக்கிறார். அவர் கர்ணத்தை ஒரு வட்டத்தின் ஆரமாக எடுத்து, அந்த ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டு, மூன்றே முக்கால் பாகைக்கு ஒரு படி என 90 பாகைக்கு 24 மதிப்புகளைத் தந்தார். எட்டாவது படி 30 பாகை. அங்கே வரும் மதிப்பு 1719. 3438-இல் சரிபாதி. நம் பிள்ளைகள் ஆரத்தை 1 என்று வைத்துக்கொள்கிறார்கள், அதனால் அரை என்று வருகிறது.

பாம்பன் நாட்டுப்படகு

நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆனால் இந்த விகிதத்தைக் கடலில் தினமும் பயன்படுத்துகிறோம் என்பதை ஆசிரியர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

நங்கூரம் போடும்போது தண்ணீர் எத்தனை பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) என்று பார்த்து, அதைப்போல் மூன்று மடங்கு கயிறு விடுவோம். வாடைக்காற்று பலத்தால் ஐந்து மடங்குகூட விடுவோம். வடகடலில் ஆழம் குறைவு, மூன்று பாகத்தில் நின்றால் ஒன்பது பாகம் கயிறு. தென்கடல் பக்கம் பத்துப் பாகத்தில் நின்றால் முப்பது பாகம் கயிறு. கயிறு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது, மூன்று மடங்கு என்பது மாறவில்லை. கயிறு விறைத்து நிற்கும்போது அதுதான் கர்ணம். ஆழம் எதிர்ப்பக்கம். கோணம் கடலடியில், நங்கூரம் கிடக்கும் இடத்தில் இருக்கிறது.

ஏன் நீளக் கயிறு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நங்கூரத்தைப் படுக்கையாக இழுத்தால் அதன் கொக்கி மண்ணைக் கிழித்து இறங்கும், மேலே இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு மட்டும் கயிறு விட்டால் கோணம் 30 பாகை, படகு இழுக்கும் இழுப்பில் பாதி நங்கூரத்தை மேலே தூக்கப் போகிறது. மூன்று மடங்கு விட்டால் கோணம் பத்தொன்பதரை பாகை, மூன்றில் ஒரு பங்குதான் தூக்கும். ஐந்து மடங்கு என்றால் கோணம் பதினொன்றரை, ஐந்தில் ஒரு பங்கு. கயிறு நடுவில் தொய்ந்தால் அடியில் கோணம் இன்னும் குறையும், நமக்கு நல்லது. இன்னொன்று, ஆழத்தைக் கணக்கிடும்போது தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தில் (படகின் முன்பகுதியில்) கயிறு கட்டிய இடம் வரையுள்ள உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் அதை விட்டுவிட்டால் மூன்று மடங்கு என்று நினைத்துக்கொண்டு இரண்டு மடங்குதான் விட்டிருப்போம்.

உச்சிப்புளி கணித ஆசிரியர்

அண்ணன் சொன்ன கயிற்றுக் கணக்கை நாளை வகுப்பில் சொல்லப் போகிறேன். கர்ணம் ஒருபோதும் எதிர்ப்பக்கத்தைவிடச் சிறிதாக இருக்க முடியாது என்பதைப் புரியவைக்க இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பத்துப் பாகம் ஆழத்தில் எட்டுப் பாகம் கயிறு விட்டால் நங்கூரம் தரையைத் தொடாது. சைன் ஒருபோதும் ஒன்றைத் தாண்டாது என்பதும் அதுதான்.

மண்டபம் வாசகி

எல்லோருக்கும் நன்றி. 35 பாகை முக்கோணங்களை வரைந்தாள், மூன்றிலும் 0.7 வந்தது. அட்டையைத் திருப்பும் பயிற்சியும் பலன் தருகிறது. இப்போது அவளே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறாள், அப்படியே பதிகிறேன்:

"பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பல் வரும்போது நடுவில் இரண்டு இறக்கைகள் தூக்கிக்கொள்ளும் என்று தாத்தா சொல்வார். இறக்கை 30 பாகை திறந்தால் அதன் நுனி இறக்கை நீளத்தில் பாதி உயரம் போயிருக்கும். அப்படியானால் 60 பாகை திறந்தால் முழு நீளத்துக்கும் உயர்ந்துவிடுமா?"

கீழக்கரை வாசகர்

தங்கை கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. விடை: இல்லை. 60 பாகையில் 0.866 பங்குதான் உயரும். முழு நீளமும் உயர வேண்டுமானால் இறக்கை 90 பாகை நிமிர வேண்டும்.

கோணத்தை இரு மடங்காக்கினால் சைன் இரு மடங்காவதில்லை. படிப்படியாகப் பாருங்கள். முதல் 30 பாகையில் நுனி பாதி உயரம் போய்விடுகிறது. அடுத்த 30 பாகையில் 0.366 பங்கு. கடைசி 30 பாகையில் வெறும் 0.134 பங்கு. ஆரம்பத்தில் இறக்கை படுத்திருப்பதால் அதைச் சற்றுத் திருப்பினாலும் நுனி ஏறக்குறைய நேர் மேலே போகிறது. நிமிர்ந்த பிறகு திருப்பினால் நுனி பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நகர்கிறது. ஆரியபட்டரின் எண்களிலும் இதே கதைதான்: முதல் படிக்கு 225 கூடுகிறது, இரண்டாவதற்கு 224, மூன்றாவதற்கு 222, எட்டாவதற்கு 199. எட்டுப் படியில் முதல் 1719 வந்துவிட்டது, அடுத்த 1719 வர இன்னும் பதினாறு படி தேவை.

ஆனால் கப்பலுக்கு உயரம் மட்டும் போதாது, வழியும் வேண்டும். திறந்த இறக்கை கால்வாயின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காஸ் சொல்லும். 60 பாகை திறந்தும் இறக்கையின் பாதி நீளம் அளவுக்கு மறைப்பு இருக்கும். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் ஷெர்சர் அமைப்பில் இறக்கை திறக்கும்போதே பின்னோக்கி உருண்டு நகரும், அதனால் அந்த மறைப்பு இன்னும் குறையும். பொறியாளர்கள் காஸுக்குச் செய்த பரிகாரம் என்றே அதைச் சொல்வேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இந்தக் கணக்கே எழாது. அங்கே 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி சாயாமல், படுத்தபடியே 17 மீட்டர் மேலே போகிறது. கோணம் மாறுவதே இல்லை.

உச்சிப்புளி கணித ஆசிரியர்

டேனுக்கும் இதே எச்சரிக்கை உண்டு, அங்கே நிலைமை எதிர்ப்புறம். ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர். சமதளத்தில் நின்று அதன் உச்சியைப் பார்ப்பதாகவும், கண்ணின் உயரத்தைத் தற்காலிகமாக விட்டுவிடுவதாகவும் கொள்வோம். ஏற்றக்கோணம் (கிடைமட்டத்திலிருந்து உச்சியை நோக்கிப் பார்வை உயரும் கோணம்) 30 பாகை என்றால் நிற்கும் தொலைவு சுமார் 559 மீட்டர். 45 பாகை என்றால் 323 மீட்டர். 60 பாகை என்றால் சுமார் 186 மீட்டர். கோணம் இரு மடங்கானபோது தொலைவு பாதியாகவில்லை, மூன்றில் ஒன்றாகிவிட்டது. டேன் 60 என்பது டேன் 30-ஐப் போல் மூன்று மடங்கு.

தேர்வில் பிள்ளைகள் 30-க்கு எழுதிய விடையை இரண்டால் வகுத்து 60-க்கு எழுதுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் அளவுப்படி வரைந்துவிட்டால் அதன் பிறகு அப்படி எழுத மாட்டார்கள்.

திருவாடானை நில அளவையர்

அடிவாரத்துக்கே போக முடியாத இடத்தில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எங்கள் தொழிலில் அதுதான் முக்கியம். கழிமுகத்துக்கு அக்கரையில் ஒரு கம்பம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சேறும் தண்ணீரும். இக்கரையில் ஓர் இடத்தில் நின்று ஏற்றக்கோணம் 30 பாகை என்று குறிக்கிறோம். கம்பத்தை நோக்கி நேராக 20 மீட்டர் நடக்கிறோம், கோணம் 45 ஆகிறது. 45-இல் தொலைவும் உயரமும் சமம். 30-இல் தொலைவு உயரத்தைப்போல் 1.732 மடங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 0.732 மடங்கு, அது 20 மீட்டர். ஆக உயரம் சுமார் 27.3 மீட்டர். தண்ணீரில் கால் வைக்காமல் அளந்துவிட்டோம்.

இந்தியாவை அளந்ததே இப்படித்தான். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன் பிறகு பெரும்பாலும் அளந்தது கோணங்களைத்தான். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு ஆகும். அவை எல்லாம் செங்கோண முக்கோணங்கள் அல்ல. ஆனால் எந்த முக்கோணத்திலும் ஓர் உச்சியிலிருந்து செங்குத்து இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும், அங்கே இதே சைன்தான் வேலை செய்கிறது. தென்னாட்டுச் சமவெளியில் குன்று கிடைக்காத இடங்களில் கோயில் கோபுரங்களின் மேல் ஏறிக் கோணம் பார்த்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியான அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமடைந்தது; அதை லாம்டனே செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒரு கோணம் சற்றே பிசகினாலும் அடுத்தடுத்த முக்கோணங்களுக்கு அந்தப் பிழை பரவும் என்பதால்தான் அவ்வளவு பாடு.

தொண்டி தனிப்பயிற்சியாளர்

அளந்து பார்ப்பதில் செலவாகும் நேரம் வீண் இல்லை என்பதை ஏற்கிறேன். அட்டவணையை விடப்போவதில்லை, ஆனால் 35 பாகைப் பயிற்சியை அதற்கு முன்னால் வைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். டேன் 90 வரையறுக்கப்படவில்லை என்று அட்டவணையில் எழுதவைக்கிறேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். அவர்களுக்கு அது திருப்தி தரவில்லை, முகத்திலேயே தெரிகிறது. கண்ணால் காட்ட வழி உண்டா?

உச்சிப்புளி கணித ஆசிரியர்

நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு உண்டு. ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.3 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஆகஸ்டு இறுதியில் இன்னொரு முறை வரும். தொண்டி சற்று வடக்கே இருப்பதால் உங்களுக்கு ஏப்ரலில் ஓரிரு நாள் பின்னால்.

சித்திரை முதல் நாளில் ஒரு மீட்டர் கம்பை மணலில் நேராக நட்டு வையுங்கள். தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தைச் சரிபாருங்கள். நம் பக்கம் உச்சிப்பொழுது கடிகாரப்படி 12 மணி 13 நிமிடத்தை ஒட்டி வரும். அந்த நேரத்தில் கம்புக்கு நிழலே இருக்காது. ஒரு மணி நேரம் கழித்து நிழல் சுமார் 26 சென்டிமீட்டர். இரண்டு மணி நேரம் கழித்து 57. மூன்று மணி நேரம் கழித்து 98. சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை என்று ஒரே சீராகத்தான் இறங்குகிறது, நிழலோ 26, 31, 41 என்று கூடிக்கொண்டே போகிறது.

சூரியனின் ஏற்றக்கோணத்துக்குக் கம்பு எதிர்ப்பக்கம், நிழல் அடுத்துள்ள பக்கம். கம்பின் உயரத்தை நிழலால் வகுத்தால் டேன். பிள்ளைகளைப் பின்னாலிருந்து கணக்குப் போடச் சொல்லுங்கள்: 98 சென்டிமீட்டருக்கு ஒன்றைவிடச் சற்று அதிகம், 57-க்கு 1.75, 26-க்கு 3.8. உச்சிப்பொழுதை நெருங்க நெருங்க நிழல் சுருங்கும், எண் எகிறும். கோணம் 89 பாகையில் 57-ஐத் தாண்டும். 89.9 பாகையில் 572-ஐத் தாண்டும். நிழல் முழுதாக மறையும் கணத்தில் நிழலைப்போல் கம்பு எத்தனை மடங்கு என்று கேளுங்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் அதைப் பூச்சியத்தால் பெருக்கினால் ஒரு மீட்டர் வராது.

அன்று பள்ளி விடுமுறை. ஆனாலும் முன்னும் பின்னும் இரண்டு நாள் நிழல் ஒரு மீட்டர் கம்புக்கு ஓரிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதனால் ஏப்ரல் 12-ஆம் தேதியோ 16-ஆம் தேதியோ செய்தாலும் பாடம் நடக்கும். தரை மட்டமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சரிந்த மணலில் நட்டால் நிழலின் நீளம் பிசகிவிடும்.